காப்புக் கட்டியபின் வந்த விசா

படிவங்களைப் படிப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பர்மாவில் கியாக்டடா வட்டாரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடமாகக் காகிதம் பார்க்கிறவன். தின்கன்ஜூனில் எங்கள் தெருவில் யார் வெளிநாடு கிளம்பினாலும் முதலில் என் வீட்டுக்கு வருவார்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கிறதா, இரண்டு பக்கம் காலியாக இருக்கிறதா, கன்னத்தில் தனாக்கா மரப்பூச்சை அப்பிக்கொண்டா போட்டோ எடுத்தாய், போய் முகத்தைக் கழுவிவிட்டு வா என்று விரட்டுவேன். நான் பார்த்துக் கொடுத்த ஒருவருக்கும் விசா மறுக்கப்பட்டதில்லை. அப்படிப்பட்டவன் சொந்த விஷயத்தில் கோட்டை விடுவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, என் மனைவியைத் தவிர.

எங்கள் ஒரே மகளைத் திருச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம். மாமியார் இல்லாத வீடு. பிரசவத்தன்று அம்மா பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று போனில் தினமும் அழுகை. நானும் மனைவியும் சேர்ந்து போவதாக ஏற்பாடு. அவள் அதுவரை போன வெளியூர், படகில் ஆற்றைத் தாண்டி டாலா. அதிலும் தலைசுற்றல்.

விசாவுக்கு நான் முந்திரிக்கொட்டை மாதிரி கோவில் கொடியேற்றத்துக்கு முந்தின நாளே இணையத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டேன். விசா வர இரண்டு மாதம் ஆகும் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னதை நம்பி, மனைவி எனக்குத் தெரியாமல் அம்மனிடம் வேறொரு விண்ணப்பம் போட்டிருந்தாள். விசா கிடைத்தால் பூக்குழி இறங்குகிறேன் என்று வேண்டுதல். சரி, கிடைத்த பிறகு இறங்கலாமே? "மொதல்ல என் பங்க நான் செஞ்சிடுறேன். அப்பறம் அவ செய்யாமப் போயிடுவாளா?" என்றாள். திருவிழாவுக்குக் கொடியேறிய வெள்ளிக்கிழமை மஞ்சள் காப்பு அவள் கையில் ஏறியது. காப்புக் கட்டினால் பூக்குழி இறங்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது.

திங்கட்கிழமை இருவருக்கும் விசா வந்துவிட்டது.

தாளை அச்செடுத்துக்கொண்டு டிக்கெட் போடப் போனேன். அங்கே இருக்கும் பெண் நம் தமிழ்ப் பெண்தான், ஆனாலும் பர்மியரைப் போல என்னை ஊலே என்றுதான் கூப்பிடுவாள், சித்தப்பா என்கிற மாதிரி. தாளை இரண்டு முறை பார்த்தாள்.

"ஊலே, எப்ப போறீங்க?"

"பூக்குழி முடிஞ்ச மறுநாள்."

"முடியாதே. முப்பது நாள் இருக்கலாந்தான். ஆனா இந்தத் தேதிக்குள்ள போய் எறங்கணும்னு போட்டிருக்கே. படிக்கலியா?"

படிக்கவில்லை. முப்பது நாள் கணக்கு, போய் இறங்கிய நாளில் தொடங்கும் என்ற வரியைப் படித்தேன். எப்போது இறங்கினாலும் சரி என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். அடுத்த வரியில் இருந்த தேதி, சரியாகப் பூக்குழி நாள். அதற்கு முன்னால் இடம் இருந்த விமானம் அந்த வார வியாழக்கிழமையோடு சரி. புதிதாகப் போட்டால் மறுபடியும் நாலே நாளில் வரும் என்று யார் எழுதிக்கொடுப்பார்கள்? மருத்துவர் சொன்ன பிரசவ தேதி பூக்குழிக்குப் பிறகு ஐந்தாம் நாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்தினேன். தப்பு என்னுடையது என்பதால் கொஞ்சம் அதிகமாகவே கத்தினேன். அவள் காப்புக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்: "அவளுக்கும் வாக்குக் குடுத்துட்டேன், எம் பொண்ணுக்கும் குடுத்துட்டேன். நான் யாருக்குங்க பொய்க்காரியாவறது?"

எழுந்து நேரே கோவிலுக்குப் போனேன். பூசாரி விளக்குத் திரியை நிமிண்டியபடி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"காப்பக் கழட்டுனா குத்தம்," என்றார். "வேணும்னா மாத்திக் கட்டலாம். புருசன் பொஞ்சாதி ஒடம்பு ஒண்ணுதானே. நீங்க கட்டிக்கிட்டு நீங்க எறங்கணும். கால்வாய்ப் பாலந்தான் எல்லை, அதத் தாண்டக்கூடாது."

"ஆபீஸ்?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்."

"ஏர்போர்ட்டுக்காவது? ஏத்திவிட்டுட்டு உடனே வந்துடுறேன் சாமி. அவ தனியாப் போனதே இல்ல."

"தெருவுல எல்லாருக்கும் ரூல் சொல்றவரு நீங்க. உங்ககிட்ட ஒருத்தன் வந்து இப்படிக் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

முகத்தைக் கழுவிவிட்டு வா என்று சொல்லியிருப்பேன். கையை நீட்டினேன். காலையில் மொஹிங்கா சாப்பிட்டீர்களா என்று கேட்டார். மீன் குழம்பு ஊற்றிய சேமியாவைச் சாப்பிடாமல் இந்த ஊரில் யாருக்குப் பொழுது விடியும்? தலைமுழுகிவிட்டு வரச் சொன்னார்.

வியாழக்கிழமைக்குள் மனைவிக்கு ஒரு நோட்டில் எல்லாம் எழுதிக்கொடுத்தேன். எந்த வரிசையில் நிற்கவேண்டும், எந்தத் தாளை யாரிடம் நீட்டவேண்டும், எங்கே தங்குகிறாய் என்று இங்கிலீஷில் கேட்டால் என்ன சொல்லவேண்டும், அத்தனையும் தமிழ் எழுத்தில். டாக்சியில் பாலம்வரை கூட வந்து இறங்கிக்கொண்டேன். "பயமா இருக்குங்க," என்றாள். எனக்கும்தான் என்று சொல்லவில்லை. வண்டி பாலமேறி மறைந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கடையில் வெறுந்தேநீர் குடித்தேன்.

மறுநாள் போன் வந்தது. "அங்க ஆபீசர் தமிழ்ப் பொண்ணுங்க! தனியாவா வந்தீங்கன்னு கேட்டா. வூட்டுக்காரர சாமிகிட்ட ஜாமீன் வச்சிட்டு வந்திருக்கேன்னேன். சிரிச்சிக்கிட்டே முத்திரை குத்திட்டா." என் நோட்டை அவள் பையிலிருந்து எடுக்கவே இல்லையாம்.

என் விசா காலாவதியான அன்று மாலை பூக்குழி இறங்கினேன். சுடவே இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்குச் சுட்டது.

பிரசவம் நான்காம் நாளே ஆகிவிட்டது. பெண் குழந்தை. மனைவி போனில் குழந்தையைக் காட்டினாள், பெரும்பாலும் அதன் காதை. பிறகு மகள் வாங்கினாள். குரல் கம்மியிருந்தது.

"நீ மட்டும் ஏம்ப்பா வரல?"

"விசா முடிஞ்சிருச்சும்மா. தேதிய சரியா பாக்கல. மறுபடி போடணும்."

பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது: "விசா தானா முடியலடி. அம்மா உங்கிட்ட வரணும்னு உங்கப்பா வுட்டுக்குடுத்தாரு. அதச் சொன்னா அவருக்கு வாய் வலிக்கும்."

சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.