சிவகாசிக்கு ஒரு நாள் தாமதமாகப் போனோம்

மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போகிறேன் என்று சொல்லித்தான் மருத்துவமனையில் இரண்டு நாள் விடுப்பு வாங்கினேன். உண்மையில், அந்தக் கல்லூரி வேண்டாம் என்று அவள் வாயாலேயே சொல்லவைக்கத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

நான் மயிலாடுதுறையில் மருந்தாளுநர். என் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. வீட்டில் நானும் மகள் மதுமிதாவும் மட்டும்தான். அவளுக்கு வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டரில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் கிடைத்திருந்தது. சேர்கிறோமா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவளோ சிவகாசிப் பக்கம் ஒரு கல்லூரியில் அச்சுத் தொழில்நுட்பம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். குற்றம் என்னுடையதுதான். காலி மாத்திரைப் பெட்டிகளைச் சின்ன வயதிலிருந்து அவளுக்கு விளையாடக் கொடுத்தேன். அவள் அவற்றைப் பிரித்துப் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்து, உள்மடிப்பில் இருக்கும் நிறப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பாள். இது படிப்பாக முடியும் என்று யார் கண்டது?

சிவகாசிக் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் பேசினார். நேர்காணல் இருபத்து நான்காம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணி. சனிக்கிழமை என்றதும் எனக்கு வசதியாகப் போயிற்று. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. மயிலாடுதுறையில் செங்கோட்டை ரயிலைப் பிடித்தோம். விருதுநகருக்கு ஏறக்குறைய முந்நூற்றிருபது கிலோமீட்டர். முன்பதிவில்லாப் பெட்டியில் ஆளுக்கு நூற்றுப் பதினைந்து ரூபாய். திருச்சி வரைக்கும் பச்சை கண்ணைவிட்டுப் போகவில்லை. மதுரை தாண்டியதும் மண் கறுத்தது. இரண்டு பக்கமும் வேலிக்கருவை, நடுவில் ஒற்றை ஒற்றையாகப் பனை. "பாத்தியா, எப்படிக் காயுது" என்றேன். வானம் எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்று அவள் பதில் சொன்னாள். முதல் சுற்றில் எனக்குத் தோல்வி.

மாலை ஆறே முக்காலுக்கு விருதுநகர். பேருந்து நிலையத்தருகே அறை, அறுநூறு ரூபாய். வருகைப் பதிவேட்டில் என் கையாலேயே இருபத்து நான்கு என்று தேதி எழுதினேன். மருந்து அட்டையில் காலாவதித் தேதி பார்ப்பதே என் பிழைப்பு. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இரவுச் சாப்பாடு இந்த ஊரின் எண்ணெய்ப் பரோட்டா. ஒன்று இருபது ரூபாய். எண்ணெயில் முக்கி எடுத்ததைப் பார்த்ததுமே மருந்தாளுநர் புத்தி வேலை செய்தது. ஒன்றோடு நிறுத்திக்கொள்வது என்று உட்கார்ந்தேன். அது நொறுங்கி, மேலே ஊற்றிய குழம்பில் ஊறி வாய்க்குள் போனபின் மூன்று சாப்பிட்டேன். பரிமாறியவர் நாங்கள் எந்த ஊர் என்று கேட்டார். கல்லூரி என்றதும், சிவகாசிக்கு எந்தப் பேருந்து, எங்கே இறங்க வேண்டும், விடுதியில் தண்ணீர் எப்படி என்பதுவரை சொல்லி முடித்துத்தான் அடுத்த மேசைக்குப் போனார். எங்கள் ஊரில் வழி கேட்டால் கையை மட்டும் நீட்டுவோம்.

சனிக்கிழமை, காலை ஏழு பத்து. விருதுநகரிலிருந்து சிவகாசி இருபத்தாறு கிலோமீட்டர். பேருந்தில் ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். வழியெல்லாம் பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்கள். ஜன்னலோரம் பருத்திச் சேலையில் பெண்கள், மடியில் தூக்குவாளி. ஒரு வேனுக்குள் எல்லோரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு போனார்கள். பட்டாசு என்றதும் நான் செய்தித்தாளில் படித்தவைதான் நினைவுக்கு வந்தன. அதையும் மகளிடம் சொல்லிவைத்தேன். கல்லூரி வேறு, பட்டாசு ஆலை வேறு என்று அவள் பொறுமையாக விளக்கினாள்.

ஒன்பதரைக்கெல்லாம் கல்லூரி அலுவலகத்தில் இருந்தோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர்தான் எங்களிடம் பேசிய ஜெயசீலி. ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சின்னச் சிலுவை. பெயரைக் கேட்டுப் பட்டியலைப் பார்த்தவர் முகம் மாறியது.

"நேர்காணல் நேத்தே முடிஞ்சிருச்சேம்மா. நீங்க ஏன் வரலன்னு சார்கூடக் கேட்டாக."

நீங்கள்தானே சனிக்கிழமை என்றீர்கள் என்று நான் குரலை உயர்த்தினேன். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார் அவர். இருபத்து நாலு என்ன கிழமை என்று பார்க்கச் சுவரை நிமிர்ந்து பார்த்தார். சனிதான். "இந்தா, சரியாத்தான சொல்லியிருக்கேன்" என்றவர், பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். அது அடுத்த வருடத்து நாள்காட்டி. இந்த வருடத்து இருபத்து நான்கு, வெள்ளிக்கிழமையோடு போய்விட்டது.

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருட நாள்காட்டி மாதிரிகளை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்கு முன்பே அச்சகங்கள் தெரிந்த இடங்களுக்கெல்லாம் ஒன்றிரண்டைக் கொடுத்துவிடுகின்றன. வந்ததைச் சுவரில் மாட்டுகிறார்கள். ஊரில் பாதிச் சுவர்களில் அடுத்த வருடம்தான் தொங்குகிறதாம். போன வருடம் ஒரு வீட்டில் வளைகாப்பையே இப்படிப் பார்த்து ஒரு நாள் தள்ளி அழைத்துவிட்டார்கள் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்ல, அலுவலகமே சிரித்தது. ஜெயசீலி சிரிக்கவில்லை. கண் கலங்கிப்போய் நின்றார்.

இங்கேதான் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேற்றே முடிந்துவிட்டது என்று கேட்டபோது எனக்குள் சில்லென்று ஒரு சந்தோஷம் வந்தது. சண்டையில்லாமல், என் மீது பழியில்லாமல், மகள் வீட்டிலேயே இருக்கப் போகிறாள். "பரவாயில்லைங்க, தப்பு யாருக்கும் வர்றதுதான். கிளம்பு மது" என்று பையை எடுத்தேன். இதற்கு முன் யாரையும் நான் அவ்வளவு வேகமாக மன்னித்ததில்லை. மகள் என்னைப் பார்த்தாள்.

ஜெயசீலிதான் விடவில்லை. "அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கீக. என் தப்புக்குப் பிள்ளைய வெறுங்கையோட அனுப்பவா? உக்காருங்க. சாப்பிட்டீகளா?" என்றார். இட்லி வந்தது. துறைத்தலைவருக்கு நான்கு முறை போன் போட்டார். அவர் ஊருக்குள் ஓர் அச்சகத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி நடப்பதைப் பார்க்கப் போயிருந்தார். அங்கேயே கூட்டி வரச் சொல்லிவிட்டார். ஜெயசீலி அரைநாள் விடுப்பு எழுதிவைத்துவிட்டு எங்களோடு ஆட்டோவில் ஏறினார். எண்பது ரூபாய் வாடகையை என்னைத் தரவிடவில்லை. பெற்ற தாய் நான் பையைத் தூக்கினேன். முன்பின் தெரியாத அவர் போராடுகிறார்.

பதினோரு மணி. அச்சகத்துக்குள் நுழைந்ததும் மையும் காகிதமும் கலந்த வாசனை. சீசன் தொடங்கும் நேரம். இயந்திரத்தின் ஒரு முனையில் வெள்ளைத் தாள் போய், மறுமுனையில் மயிலோடு முருகன் வந்து விழுந்துகொண்டிருந்தார். நீண்ட மேசையில் பத்துப் பெண்கள் அடுத்த வருடத்தின் நாட்களை மாதம் மாதமாக அடுக்கினார்கள். அவர்கள் கை போன வேகத்துக்கு என் கண் போகவில்லை. மாத்திரை எண்ணுவதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு; அதை அங்கேயே கழற்றி வைத்தேன்.

துறைத்தலைவர் குள்ளமான மனிதர், நகக்கண்ணில் மை. ஈரம் காயாத ஒரு தாளையும் ஒரு குட்டிக் கண்ணாடியையும் மதுமிதாவிடம் நீட்டி, "இதுல என்ன தப்புன்னு சொல்லும்மா" என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் போகட்டும் என்று ஒரு நொடி நான் நினைத்தேன். அந்த நொடியை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"தப்பு எதுவும் தெரியலை சார்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் சார். ஓரத்துல நாலு நிறத்துக்கும் குறி இருக்கு. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காந்திருக்கு. வேற தப்பு இருந்தா எனக்குத் தெரியலை, நீங்க காட்டுங்க."

அவர் தாளை வாங்கி இயந்திரக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தார். அது நல்ல தாள்தானாம். முந்தின நாள் வந்தவர்களில் பாதிப் பேர், கேட்டுவிட்டாரே என்று பயந்து இல்லாத தப்பைக் காட்டினார்களாம். இடம் இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். என் மகளின் முகத்தை அப்படி நான் பார்த்து ஆறு வருடமாகியிருந்தது.

வெளியே வந்து தேநீர் குடித்தோம். மதுமிதா உள்ளேயே நின்று இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவு தூரத்தில் அவள் எப்படி இருக்கிறாளோ என்று தினமும் தவித்துக்கொண்டிருப்பேன் என்று ஜெயசீலியிடம் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க அக்கா மக தாயில்பட்டியில பட்டாசு வேலைக்குப் போறா. சாயங்காலம் வேன் வந்து நிக்கிற சத்தம் கேக்குற வரைக்கும் எங்க அக்காவுக்கு ஒரு வேலையும் ஓடாது. தெனமும் இப்படித்தான். நீங்க பிள்ளையப் படிக்கத்தானம்மா அனுப்புறீக."

அவர் குத்திக்காட்டவில்லை. ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

மாலை நான்கு இருபது. மறுபடியும் விருதுநகர் பேருந்து நிலையம். மதுரைப் பேருந்து கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. இந்த ஊரைப் பற்றி எனக்குச் சொல்ல இப்போது நிறைய இருக்கிறது. எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர் வந்தால் விதைப்போம், வராவிட்டால் திட்டுவோம். இங்கே வருகிற தண்ணீரும் இல்லை, திட்டுகிறவர்களும் இல்லை. வெயிலைக்கூடப் பட்டாசு மருந்து காயவைக்க, மை உலர்த்த என்று வேலை வாங்கிக்கொள்கிறார்கள். நேர்காணலைத் தவறவிட்டவளோடு, தவறு தன்னுடையது என்றதும் வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே வருகிற ஊர். இதையெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மதுமிதா பேசினாள்.

"நீ சொல்றதுதாம்மா. பக்கத்துக் காலேஜ்னாலும் நான் நல்லாத்தான் படிப்பேன்."

"காலையில, முடிஞ்சுபோச்சுன்னு அவங்க சொன்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு" என்றேன்.

"தெரியும். உன் முகத்தைப் பாத்தேன்."

அதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெரிந்தும் நாள் முழுக்க ஒரு வார்த்தை சொல்லாமல் என்னோடு நடந்திருக்கிறாள்.

போனை எடுத்து எங்கள் ஊர்க் கல்லூரி அலுவலகத்தை அழைத்தேன். மகளின் பெயரையும் விண்ணப்ப எண்ணையும் சொல்லி, அந்த இடம் எங்களுக்கு வேண்டாம், காத்திருப்பவர்கள் யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். மதுமிதா என் முழங்கையைப் பிடித்தாள். படிவத்தில் காரணம் எழுத வேண்டுமே என்று அந்தப் பக்கத்திலிருந்த பெண் கேட்டார். நான் யோசிப்பதைக் கண்டு அவரே எடுத்துக்கொடுத்தார், "தூரம்னு போட்டுக்கவாம்மா?"

"இல்லைங்க" என்றேன். "வீட்டுக்கு ரொம்பப் பக்கம்."