இருபது வருஷம் திறக்காத கதவு

சின்ன வயதில் நானும் தங்கையும் விளையாடிய கலங்கரை விளக்கம் கேம் இன்று போனில் மறுபடி வெளிவந்திருக்கிறது. ஏனாத்தூர் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

அந்தக் கோடை லீவு முழுக்க அதன் வாசலிலேயே நின்றோம். கதவை கிளிக் செய்தால் சிடி கரகரக்கும், திறக்காது. கயிறு, விளக்கு, செத்த மீன் என்று கையிலிருந்த எல்லாவற்றையும் கதவில் வைத்துப் பார்த்தோம்.

"நீதான்கா எதையோ எடுக்காம வந்துட்ட." தங்கை இன்றுவரை சொல்கிறாள்.

இன்று சும்மா தொட்டேன். திறந்துவிட்டது! அன்று காந்தி ரோட்டில் வாங்கிய திருட்டுக் காப்பி சிடிதான் கோளாறு. நான் இல்லை!

"கதவு தொறந்துச்சி!" என்று கத்திவிட்டேன். கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸையே நிறுத்தினார். "யாருமா அது, தொங்கிக்கினு வர்றது?"

தங்கைக்குப் போன் போட்டேன். "சரிக்கா, ஒத்துக்கறேன். ஆனா ரெண்டாவது பாகத்துல படகு முழுகினது உன்னாலதான்."

கம்பெனிக்காரர்களே, அதையும் சீக்கிரம் வெளியிடுங்கள். ஒரு கேஸில் விடுதலை, இன்னொன்று பாக்கி இருக்கிறது.