வெயில் சுவரில் பாசி

காலையில் தையல்காரி யாரிடமும் பேசமாட்டாள். வாய் நிறையத் தண்ணீர் இருக்கும். கற்சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்று, உதட்டைக் குவித்து ஊதுவாள். இஸ்திரி போடுமுன் துணிக்குத் தெளிப்பதுபோல, தண்ணீர் புகையாகப் போய்க் கல்லின்மேல் உட்காரும். பன்னிரண்டு வாய். பதினெட்டு அடிச் சுவருக்கு அது போதும். வெயில் ஏறுமுன் முடித்துவிட்டுத் தையற்கடைக்குக் கிளம்பிவிடுவாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கணவரின் அண்ணன், மூத்தார் வீடு. வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் மீட்டர்தான். பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது, ஏச்சு உண்டு. விடிந்ததும் தன் வீட்டைப் பார்த்துத் துப்புகிறாள் என்று தெருமுனை வரை சொல்லி வைத்திருந்தார். அவள் மறுக்கவில்லை. துப்புவதென்றால் குறி தப்பாது என்று மட்டும், அவர் மனைவியான ஓரகத்தி காதில் விழும்படி ஒரு நாள் சொன்னாள்.

அந்தச் சுவரில் அவள் பாசி வளர்த்தாள். முதலில் குளியலறைக்குப் பின்னால் கொழுகொழுவென்று கிடந்ததைச் சுரண்டி வந்து ஒட்டினாள். மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை வெயில் குடிக்கும் சுவர். பத்தே நாளில் உரிந்து விழுந்தது. மீட்டர் தன் பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ரயில் பாலத்தில், நிழலே படாத கைப்பிடிக் கல்லில், கம்பளிக் கிழிசல்போலக் கறுத்துக் கிடந்த ஒன்று அவள் கண்ணில் பட்டது. வெயிலில் பிறந்ததுதான் வெயிலுக்கு ஆகும் என்பது அங்கேதான் பிடிபட்டது. ஒரு கை பெயர்த்து வந்து, உதிர்த்து, களிமண்ணில் குழைத்து, கல்லிடுக்குகளில் விரலால் தேய்த்தாள். இரண்டு மழைக்காலம் போயிற்று. பாதிச் சுவர் பச்சையானது. காலமெல்லாம் ஊரார் அளவுக்கே தைத்த கை; தன் மனசின் அளவுக்கு அது செய்தது இது ஒன்றைத்தான்.

கோடை உச்சத்தில் வாய்த்தண்ணீரையும் நிறுத்திவிடுவாள். பாசி கறுத்துச் சுருண்டுகொள்ளும். செத்ததுபோலத்தான் இருக்கும், சாகாது. ஒரு குவளை நீர் பட்டால் பத்து நிமிடத்தில் கண் விழிக்கும். கணவரிடம் இதைச் சொன்னாள். தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். கிடங்கில் இரவுக் காவல், பகலெல்லாம் வீட்டில். அண்ணன் கிழித்த கோட்டையும் தாண்டமாட்டார், பெண்டாட்டி கிழித்த கோட்டையும் தாண்டமாட்டார். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் குடியிருந்தார்.

அந்தக் கோடையில்தான் மீட்டர் கொத்தனாரைக் கூட்டி வந்தார். பாசி கல்லைத் தின்கிறது, பொதுச்சுவர், இரண்டு பக்கமும் சிமெண்டு பூசியாக வேண்டும் என்றார். உன் புருஷன் தலையில் முளைக்காததைச் சுவரில் முளைக்க வைத்து என்ன ஆகப்போகிறது என்றும் கேட்டார். கொத்தனார் இருவருக்கும் வேண்டியவர். உயிரோடு இருந்தால் விட்டுவிடலாம், செத்திருந்தால் சுரண்டிப் பூசிவிடலாம், ஒன்றாம் தேதி வந்து பார்க்கிறேன் என்று நாள் குறித்தார். அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்புதான். ஒரு குவளை நீரில் முடிகிற வழக்கு. பள்ளிச் சீருடை தைக்கிற மாதம் வேறு. இருட்டில் போய் இருட்டில் வந்தாள். சுவரைத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லை.

ஒன்றாம் தேதி விடியலில் எல்லோரும் நின்றார்கள். குவளை நீரை ஊற்றினாள். பத்து நிமிடம். இருபது. பச்சை வரவில்லை. விரல் வைத்தாள், நனைந்த காகிதம்போல வழுக்கிக்கொண்டு வந்தது. அழுகல் வாடை. அவளுக்குப் புரிந்துவிட்டது. காய்ந்து கிடப்பதைச் சுடுகல்லில் நனைத்தால் வெந்துபோகும். ஒரு நாள் நனைத்து வருகிற அழுகல் இல்லை இது.

"உச்சி வெயில்ல தண்ணி ஊத்தி வேகவெச்சிருக்கீங்க, அத்தான்."

மீட்டர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற தம்பியை ஒரு தரம் பார்த்தார்.

"ஊத்தினேன்னே வெச்சுக்கோ. கொத்தனாரே, நீங்க சொரண்டுங்க."

"நீங்க செத்தா இந்த வீட்லேருந்து ஒரு கால் உங்க வாசலுக்கு வராது."

"வராதே. வந்தா நான் எழுந்து போயிடுவேன்."

கொத்தனார் கேட்டதும் கணவர் போய்ச் சிமெண்டு குழைக்கத் தண்ணீர் எடுத்து வந்தார். சாயங்காலத்துக்குள் சுவர் சாம்பல் நிறமாகிவிட்டது.

மூன்று வருஷம் கழித்து மீட்டர் போனார். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கணவர் வாசற்படி வரை போய்ச் செருப்பை மாட்டினார். போனால் அங்கேயே இருந்துகொள்ளுங்கள் என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டார். அண்ணனை எடுத்துக்கொண்டு போகிற சத்தத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓரகத்தி வீட்டை விற்றுவிட்டு மகளோடு போகிற அன்றுதான் கடைப்படியேறி வந்து சொன்னாள். அந்தக் கோடையில் பத்தொன்பது நாள், மதியம் தவறாமல், வாளி வாளியாக ஊற்றியது தையல்காரியின் கணவர்தான். கறுத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்க்க முடியாமல், கொத்தனார் வருவதற்குள் எப்படியாவது பச்சையாக்கிவிட வேண்டும் என்று ஊற்றியிருக்கிறார். மீட்டர் தினமும் மாடி ஜன்னலில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். தடுக்கவில்லை. தம்பி பெயரை வெளியே விடக்கூடாது என்று தன் மனைவியிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டிருக்கிறார்.