ராசியான விலாசம்

அரசாங்கத்தின் கடதாசிகளின்படி நான் பன்னிரண்டு வருடங்கள் என் மனைவியைப் பிரிந்து, மொன்ட்ரியால்-நோரில், கல்யாணம் கட்டாத ஒரு அண்ணையோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். உண்மையில் நான் பியர்பொன்ட்ஸில், மனைவியின் பெயரிலிருந்த வீட்டில், அவள் வைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, அவள் சொன்ன இடத்தில் காரை நிறுத்திக்கொண்டுதான் இருந்தேன். இந்த இரண்டு வாழ்க்கைகளும் ஒன்றுக்கொன்று தெரியாமல் சந்தோஷமாகவே போய்க்கொண்டிருந்தன, என் மகள் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கும் வரை.

அண்ணை என் கூடப்பிறந்தவர் அல்ல. நான் அகதியாக வந்திறங்கியபோது படுக்க இடம் தந்தவர். என் அகதிக் கோரிக்கையை ஏற்றுக்கொண்ட கடிதம் அவருடைய விலாசத்துக்குத்தான் வந்தது. சென்னையில் காத்திருந்த மனைவிக்கும், அங்கேயே பிறந்து நாலு வயதாகிவிட்ட மகளுக்கும் விசா கிடைத்த செய்தியும் அங்கேதான் வந்தது. பிறகு குடியுரிமை. இடையில் ஒரேயொரு தடவை, ஒரு விண்ணப்பத்துக்கு, வேறொரு நண்பரின் விலாசத்தைக் கொடுத்துப் பார்த்தேன். வந்த பதில், 'வருந்துகிறோம்' என்று தொடங்கியது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும், எந்தப் படிவம் கேட்டாலும், என் விலாசம் அண்ணையின் மூன்றாம் மாடிதான். சொந்த வீடு வாங்கிக்கொண்டு மொன்ட்ரியால் தீவின் மறு முனைக்குப் போன பிறகும் அதை நான் மாற்றவில்லை. சாரதி அனுமதிப்பத்திரத்திலும் அதுதான்.

நான் நிறையப் படித்தவன். சோதிடத்தைக் கேலி செய்து ஊர்ப் பத்திரிகையில் மூன்று கட்டுரை எழுதியவன். தொழிலோ, துறைமுகத்துப் பக்கத்துக் களஞ்சியமொன்றில், கப்பலில் வந்த பெட்டிகளுக்குச் சேர வேண்டிய இடத்தை எழுதி ஒட்டுவது. என் கையால் ஒட்டிய பெட்டி இதுவரை தவறான கதவைத் தட்டியதில்லை. இதையெல்லாம் பின்னால் என் மனைவி ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னபடியால் எனக்கு வரிசை மறக்கவில்லை.

மருத்துவத்துக்குப் புள்ளிகள் மட்டும் போதாது. மிச்சம் இரண்டு சங்கதிகள் இருந்தன. முதலாவது, நீ இந்த மாகாணத்து ஆளா என்பது. ஆசனங்களில் பெரும்பகுதி இங்கே வதிகிறவர்களுக்கு. வெளியாருக்கு ஒரு கைப்பிடிதான். இரண்டாவது, நீ எப்பேர்ப்பட்ட ஆள் என்பது. அதை இரண்டு பக்கக் கடிதத்தில் நீயே எழுத வேண்டும்.

இந்த இரண்டாவதில்தான் வீட்டில் பிரச்சினை தொடங்கியது. எங்கள் ஆட்கள் பிள்ளையைப் புகழ்ந்தால் கண்ணூறு படும் என்று பயப்படுகிறவர்கள். என் மனைவி பதினாலு வருடங்களாக மகளைப் பற்றிச் சபையில் சொல்லிவந்த ஒரே வாக்கியம்: "படிக்கிறாள்தான், ஆனா ஒரு தேத்தண்ணி போடத் தெரியாது." எழுத்தாளன் என்ற முறையில் நானாக முன்வந்து ஒரு நகல் எழுதிக் கொடுத்தேன். மகள் வாசித்தாள்.

"அப்பா, 'நான் பெரிய கெட்டிக்காரி இல்லாவிட்டாலும்' எண்டு தொடங்குது."

"அது அடக்கம், பிள்ளை."

"ரெண்டாம் பக்கத்திலயும் கெட்டிக்காரி ஆகேல்ல."

அவளே எழுதிக்கொண்டாள். மனம் நோகக்கூடாதென்று எனக்கும் ஒரு பொறுப்பு ஒதுக்கினாள்: படிவத்தின் முதல் பக்கத்தில் பெயர், பிறந்த திகதி, விலாசம். மூன்று வரி. நான் நல்ல பேனை ஒன்று எடுத்து, நடுங்காத கையால், ராசியான விலாசத்தை எழுதினேன்.

கொலிஜில் அவளுடைய சிநேகிதிகளுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. எங்கள் தபால்பெட்டியில் பீட்சா விளம்பரங்கள் மட்டும். மகள் பஸ்ஸுக்குப் போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் பெட்டியைத் திறந்து பார்த்தாள். நானும் கவலையோடு அவள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். நான் எழுதியது எந்த விலாசம் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. பன்னிரண்டு வருடப் பழக்கம்.

ஒரு சனிக்கிழமைக் காலை அண்ணை போன் எடுத்தார்.

"தம்பி, பிள்ளையின்ர பேருக்கு ஒரு கடிதம் வந்து கிடக்குது. பெரிய இடத்துக் கடிதம் போல. நல்லா வைச்சுக் கும்பிட்டிட்டன்."

"எப்ப அண்ணை வந்தது?"

"ரெண்டு வெள்ளிக்கிழமை ஆச்சு."

அண்ணையிடம் ஒரு வழக்கம் இருந்தது. அரசாங்கக் கடிதம் எதுவானாலும் சாமித்தட்டில் வைத்து, ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகுதான் உரியவரிடம் கொடுப்பார். என் அகதிக் கடிதமும் அப்படித்தான் என் கைக்கு வந்தது. இது மிக முக்கியமான கடிதமாகப் பட்டதால் இரண்டு வெள்ளிக்கிழமை.

நானும் மகளும் நாற்பதாம் இலக்க நெடுஞ்சாலையில் பறந்தோம். உறையில் திருநீறும் குங்குமமும் பூசியிருந்தன. உள்ளே ஒரே பந்தி: விண்ணப்பதாரர் இந்த மாகாணத்தில் பிறந்தவர் அல்ல, வதிவிடத்துக்கான அத்தாட்சி இணைக்கப்படவில்லை, கீழ்க்காணும் திகதிக்குள் கிடைக்காவிட்டால் வெளிமாகாணத்தவராகக் கருதப்படுவார். திகதி, வருகிற திங்கட்கிழமை.

பதினாலு வருடம் இந்த ஊரின் பனியை வாரிய பிள்ளை, திங்கட்கிழமை பின்னேரம் வெளியூராள் ஆகப்போகிறாள்.

அண்ணை விளங்கிக்கொண்டார். கதிரையில் இருக்காமல், சாமித்தட்டுக்குப் பக்கத்தில், வகுப்பறை மூலையில் நிற்பாட்டிய பிள்ளை மாதிரி நின்றார். நான் ஒரு நீண்ட வசனத்துக்காக மூச்சை இழுத்தேன். படிவத்தில் விலாசம் எழுதியவன் நான் என்பதால் கத்தவேண்டிய அவசியம் எனக்குக் கூடுதலாகவே இருந்தது. மகள் முந்திக்கொண்டாள்.

"பெரியப்பா, எந்தப் படத்துக்குக் கீழ வைச்சனீங்கள்?"

"பிள்ளையாருக்கு ஒரு வெள்ளி. முருகனுக்கு ஒரு வெள்ளி."

"அப்ப ரெண்டு பேருக்கும் விஷயம் தெரியும். நீங்கள் தேத்தண்ணி போடுங்கோ, நான் என்னென்ன கேட்டிருக்கினம் எண்டு பாக்கிறன்."

அண்ணை குசினிக்குள் போனார். ஒரு வேலை கிடைத்த நிம்மதி அவர் முதுகிலேயே தெரிந்தது. கடிதத்தைப் பிடித்திருந்த மகளின் விரல்கள் வெளிறிப்போயிருந்ததை அப்போதுதான் நான் கண்டேன். என் மூச்சை மெல்ல வெளியே விட்டேன்.

திங்கட்கிழமை காலை, நான், மனைவி, மகள் மூவரும் பல்கலைக்கழகப் பதிவுக் கந்தோரின் கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். என்னிடம் ஒரு தடித்த கோப்பு. அதிலிருந்த எல்லாம் நான் மொன்ட்ரியால்-நோரில் வதிவதை ஐயத்துக்கிடமின்றி நிரூபித்தன. மனைவியிடம் வீட்டு உறுதியும் மின்சாரப் பட்டியலும் மட்டும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிகுந்த நாகரிகத்தோடு பிரெஞ்சில் கேட்டாள்:

"மன்னிக்க வேண்டும் மதாம், மிசியே உங்களோடு வசிப்பதில்லையா?"

என் மனைவி கார்டறியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், வேலை பார்ப்பவள். அவளுடைய பிரெஞ்சு, மூன்று வயதுப் பிள்ளைகளைச் சப்பாத்துப் போட வைக்கிற பிரெஞ்சு: மெதுவாக, தெளிவாக, மறுபேச்சுக்கு இடமில்லாமல் வரும்.

"வசிக்கிறார். ஆனால் உதவியாக இல்லை."

"அப்படியானால் பிரச்சினை இல்லை," என்றாள் அந்தப் பெண். "பெற்றோரில் ஒருவர் இங்கே இருந்தால் போதும்." என் கோப்பை இரண்டு விரலால் என் பக்கம் திருப்பித் தள்ளிவிட்டு, மனைவியின் கடதாசிகளில் முத்திரை குத்தினாள். என் வதிவிடம் யாருக்கும் தேவைப்படவில்லை. வெளியே வந்ததும் மகள் சிரிக்கத் தொடங்கி, படியில் இருந்துவிட்டாள். மனைவியும் பக்கத்தில் இருந்தாள். நான் கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வெளிமாகாணத்தவன் மாதிரி நின்றேன்.

பிறகு நேர்முகம். அறை அறையாகப் போகவேண்டும். ஒவ்வொரு அறையிலும் ஒரு சோதனை. ஒன்றில் ஒரு நடிகர் இருப்பார் என்றார்கள். நான் வெளியே கார் தரிப்பிடத்தில், நான் போயிருந்தால் என்னென்ன பிழை விட்டிருப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் ஏறக்குறைய ஓடி வந்தாள்.

"அப்பா, ஒரு அறையில அந்த நடிகர், எங்கட பக்கத்து வீட்டுக்காரராம். நாங்கள் லீவில போகேக்க எங்கட நாயைப் பாக்கச் சொல்லி விட்டிருக்கிறமாம். அந்தாள் நாயைத் துலைச்சிட்டு, இருக்காமல் மூலையில நிக்குது."

"நீ என்ன சொன்னனி?"

"எங்க கடைசியாக் கண்டனீங்கள் எண்டு கேட்டன். பேந்து, வாங்கோ ரெண்டு பேருமாத் தேடுவம் எண்டன். சத்தியமா அப்பா, தேத்தண்ணி போடச் சொல்லவும் வாய் வந்தது."

முடிவுக் கடிதம் ஒரு புதன்கிழமை, பியர்பொன்ட்ஸ் வீட்டுத் தபால்பெட்டிக்கே வந்தது. விலாசத்தை அவளே மாற்றியிருந்தாள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் கடதாசி நிறத்தில் இருந்தது.

"உடைக்கேலாமக் கிடக்கு. பெரியப்பா வீட்டை போவம்."

மறுபடியும் நாற்பதாம் இலக்கம், இந்த முறை மனைவியும். அண்ணை கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிப் பிள்ளையாருக்குக் கீழே வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்குமோ அண்ணை?" மனைவி கேட்ட தொனியில் கார்டறி இருந்தது.

"இல்லைப் பிள்ளை. அஞ்சு நிமிஷம்."

நாலு பேர் ஒரு மூடிய உறையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சோதிடத்தைக் கேலி செய்தவன் கண்ணை மூடியிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் அண்ணையாலேயே தாங்க முடியவில்லை. "காணும், எடு, எடு," என்றார்.

மகள் வாசித்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு கடிதத்தை என்னிடம் தராமல், தாயிடம் தராமல், அண்ணையிடம் நீட்டினாள். அவருக்கு இந்தப் பிரெஞ்சு விளங்காது.

"எடுத்திட்டினம், பெரியப்பா."

அண்ணை அப்போதுதான் கதிரையில் இருந்தார். மனைவி மகளைக் கட்டிக்கொண்டு, "இனியாவது ஒரு தேத்தண்ணி போடப் பழகு," என்றாள். நான் என்ன செய்தேன் என்பதை எழுதப்போவதில்லை. சாமித்தட்டு கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான்.

அடுத்த வாரமே சாரதி அனுமதிப்பத்திரத்தில் விலாசத்தை மாற்றப் போனேன். எப்போது வீடு மாறினீர்கள் என்று கேட்டார்கள். "போன புதன்கிழமை," என்றேன். வங்கி, வரி, எல்லாவற்றிலும் மாற்றினேன். கேள்விப்பட்டு அண்ணை போன் எடுத்தார்.

"எல்லாத்தையும் மாத்திப்போட்டியோ? ஒண்டையாவது விடடா தம்பி."

ஒன்றை விட்டேன். நான் திருப்பிக் கொடுக்கத் தவறும் புத்தகங்களைப் பற்றி நூலகம் அனுப்பும் அறிவித்தல்கள் இப்போதும் மூன்றாம் மாடிக்கே போகின்றன. ஒரு வெள்ளிக்கிழமை பிந்தி, திருநீறோடு எனக்கு வந்து சேர்கின்றன.