பித்தளைக்குப் பதிலாக இரும்பு

பாலமுனையில் நானும் மச்சானும், அதாவது என் மனைவியின் தம்பியும், பங்காக ஒரு மீன்பிடிப் போட் வைத்திருந்தோம். எஞ்சின் ஷாஃப்ட்டோடு புரொப்பலரைப் பிடித்து வைத்திருப்பது சிறிய பித்தளைப் பின் ஒன்றுதான். கரையேறும்போது மணலில் தட்டி அது அடிக்கடி உடையும்.

ஒரு நாள் மச்சான் இரும்புக் கம்பியை அளவாக அறுத்து அந்த இடத்தில் போட்டார்.

“இனி இது உடையாது மச்சான். ஒங்கட புறுபுறுப்பும் நிக்கும்” என்று சிரித்தார்.

“நல்ல வேல பாத்தீங்க” என்றேன்.

அடுத்த கிழமை கடலில் புரொப்பலரில் வலை சுற்றியது. கம்பி உடையவில்லை. ஷாஃப்ட்தான் பிழிந்த துணிபோல் முறுகி அறுந்தது. வேறு போட்காரர்கள் எங்களை இழுத்து வந்தார்கள்.

கல்முனை மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, வயதில் மூத்தவன் என்ற முறையில் என்னிடம் சொன்னார். “காக்கா, அந்தப் பித்தளை உடையிறதுக்குத்தான் போட்டிருக்கு. அது போனா ஷாஃப்ட் தப்பும். இரும்பப் போட்டதால முறுக்கெல்லாம் ஷாஃப்ட்டில ஏறிட்டு.”

கடையில் நின்ற எல்லார் முன்னாலும், “எல்லாம் இவர்ர கெட்டித்தனம்” என்று மச்சானைக் காட்டினேன்.

“நல்ல வேல எண்டு சொன்னது ஆரு?” என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

போட்டை விற்றாயிற்று. வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் சில வேளை பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டி வருகிறது. தொழுகை முடியும்போது முகத்தைத் திருப்பிச் சொல்லும் ஸலாம்தான் இப்போது நான் அவருக்குச் சொல்லும் ஒரே ஸலாம். அல்லாஹ் அதை எப்படி எடுத்துக்கொள்வானோ, எனக்குத் தெரியவில்லை.