ஆனிக்கு விழுந்த ஏச்சு

ஆனிக்கு யாரைப் பார்த்தும் சும்மா சிரிக்கத் தெரியாது. சிரிக்க ஏதாவது இருந்தால் சிரிப்பாள். ஊர் அவளிடம் எதிர்பார்த்தது வேறு.

தாராவியில் தாவீதுக்கும் அன்னமேரிக்கும் ஒரே மகளாகப் பிறந்தவள். டவுன் சிண்ட்ரோம் என்றார் டாக்டர். எல்லாருக்கும் உயிரணுவில் நாற்பத்தாறு குரோமோசோம், இவளுக்கு ஒன்று கூடுதல் என்று விளக்கினார். எல்லாமே குறைச்சலாக இருந்த வீட்டில் 'கூடுதல்' என்ற சொல்லைக் கேட்டு அன்னமேரிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிள்ளை நடக்காது, பேசாது, பெற்றவளை அடையாளம் காணாது என்றும் அவர் சேர்த்துச் சொன்னபோதுதான் அழுதாள்.

இதயத்தில் ஓட்டை இருந்தது. இரண்டு வயதில் ஆபரேஷன் செய்து அடைத்தார்கள். ஆனி மூன்று வயதில் நடந்தாள், ஐந்து வயதில் பேசினாள். நாக்கு கனத்து வார்த்தைகள் குழையும், எதையும் கற்றுக்கொள்ள நாளாகும். ஆனால் பெற்றவளை மட்டுமல்ல, பெற்றவள் சொல்லும் பொய்களையும் நன்றாகவே அடையாளம் கண்டாள்.

இப்போது இருபத்தொன்பது வயது. இன்னமும் கோயிலில் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். இந்தப் பிள்ளைகளெல்லாம் தேவதைகள், கோபம் என்பதே வராது என்று சொல்லி ஒரு அம்மாள் கிள்ளியபோது, ஆனி அவளைத் திருப்பிக் கிள்ளிவிட்டாள். அவளுக்கு வேறு ஏதோ நோயும் இருக்கிறது என்று அன்று கோயிலில் பேசிக்கொண்டார்கள்.

செம்பூரில் ஒரு பெரிய கம்பெனி, புண்ணியத்துக்காக ஒரு காபிக் கடை திறந்தது. 'இங்கே தேவதைகள் பரிமாறுகிறார்கள்' என்று சுவரில் இந்தியில் எழுதியிருந்தார்கள். ஆனிக்கு வேலை கிடைத்தது. முதுகில் இறக்கை அச்சடித்த மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். தெருவே வந்து வாழ்த்தியது. ஆனி தனியாக பஸ் ஏறிப் போய்வரப் பழகினாள்.

வேலை என்னவென்றால், வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பது. காபியைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குப் பின்பக்கம் இரண்டு பையன்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இறக்கை கிடையாது. வருகிறவர்கள் ஆனியைக் கட்டிப்பிடித்து செல்ஃபி எடுத்தார்கள். ஒரு பெண் எதுவும் வாங்காமல் அரை மணி நேரம் அழுதுவிட்டு, வாழ்க்கையைப் புரிந்துகொண்டதாகச் சொல்லிப் போனாள். ஆனி ஒருநாள் கிளாஸை உடைத்தபோது எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் எப்போது காபி கொடுப்பது என்று மேனேஜர் சாதனாவிடம் கேட்டாள்.

"ஆனி டார்லிங், நீ ஸ்மைல் பண்ணினா போதும்மா. வேலையெல்லாம் அவங்க பாத்துப்பாங்க," என்றாள் சாதனா.

ஒருநாள் கம்பெனியின் பெரியவர் வந்தார், கூடவே கேமராவும் வந்தது. சிரிக்கச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டாள் ஆனி. ஏதாவது வேடிக்கையாக நினைத்துக்கொள் என்றார்கள். அவள் யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் தோன்றவில்லை. பெரியவர் முன்னால் மேஜை காலியாக இருந்ததுதான் கண்ணில் பட்டது. உள்ளே போய் ஒரு காபியை எடுத்து, மெல்ல நடந்து, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அவர் முன்னால் வைத்தாள்.

கேமராக்காரருக்குத் திருப்தியில்லை. படத்தில் இறக்கை விழவில்லையாம், மறுபடி கொண்டுவர வேண்டுமாம்.

"மறுபடி எதுக்கு? அவருக்குத்தான் காபி வந்துட்டுல்லா?" என்றாள் ஆனி.

மறுநாள் அவள் செம்பூர் பஸ்ஸில் ஏறவில்லை. தெருமுனையில் இருக்கும் நயினாரின் சாப்பாட்டுக் கடைக்குப் போய் வேலை இருக்கா என்று கேட்டாள். நயினாரின் வாய்க்குப் பயந்து மாதம் ஒரு ஆள் ஓடிக்கொண்டிருந்த கடை அது. அந்த வாரமும் ஒருவன் ஓடியிருந்தான். நயினார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"தட்டு கழுவுவியா?"

"வீட்டுல கழுவுதேன்."

"நாளைக்கு வா. லேட்டா வந்தா ஏசுவேன்."

அவள் லேட்டாகப் போகவில்லை. ஆனால் மற்றவர்கள் ஒரு நாளில் பழகும் வேலை அவளுக்குப் பிடிபட இரண்டு வாரமானது. இரண்டாம் நாளே ஒரு கிளாஸ் உடைந்தது. கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு என்று நயினார் போட்ட சத்தத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. ஒருவர் எழுந்து, பாவம் அந்தப் பிள்ளை என்று ஆரம்பித்தார். ஆனி அவரைத் தாண்டிப் போய்த் துடைப்பத்தை எடுத்துவந்தாள்.

வீட்டுக்கு வந்து, இன்றைக்கு என்னையும் ஏசினார் என்று பெருமையாகச் சொன்னாள். அன்னமேரிக்கு ரத்தம் கொதித்தது. விடிந்ததும் கடைக்குப் போய், சீக்காளிப் பிள்ளையை ஏச உமக்கு எப்படி மனசு வந்தது என்று பிடித்துக்கொண்டாள். நயினார் முழித்தார். வேலைக்கு வந்தவர்களை ஏசாமல் இருப்பது எப்படி என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"யம்மா, நீ வீட்டுக்குப் போ," என்றாள் ஆனி. "அவரு பரோட்டா போடுத சொரிமுத்தையும்தான் ஏசுதாரு. எனக்கு மட்டும் எதுக்குக் கொறைக்கணும்?"

அன்னமேரி திரும்பி நடந்தாள். மகள் நடக்குமா, பேசுமா என்று கவலைப்பட்டிருக்கிறாள். தன்னையே வெளியே போகச் சொல்லும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷமாகிறது. காலையில் தைராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆனி கடைக்குப் போய்விடுகிறாள். மேஜை துடைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். கை மெதுவாகத்தான் ஓடும். அவசரக்காரர்கள் சொரிமுத்து பக்கம் போய் உட்காருவார்கள். மதியத்துக்குமேல் உடம்பு சோர்ந்தால் பின்னால் போய்ச் சற்று நேரம் சாய்ந்துகொள்வாள். அதைச் சாக்கிட்டுச் சொரிமுத்தும் சாய்ந்துகொள்வதாக நயினாருக்கு ஒரு குறை.

போன கிறிஸ்துமஸுக்கு லீவு கிடையாது என்றார் நயினார். வரமாட்டேன் என்றாள் ஆனி, வரவும் இல்லை. மறுநாள் காலையில் கடை அதிர இருவரும் சண்டை போட்டார்கள். அவள் பேச்சில் பாதி நயினாருக்குப் புரியவில்லை, புரிந்த பாதிக்கு அவர் இன்னும் உரக்க ஏசினார். மதியக் கூட்டம் வந்தது. ஆனி சண்டையை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போனாள்.