ராய்ப்பூர் பெஞ்சில் ஒரு ராயபுரத்துக்காரி

1. முதல் நாள்

பேஸ்கட்பால் கோச்சாக என் முதல் நாள் ஜெய்ப்பூரில். நான் பேசிய இந்தியைக் கேட்டு, வரிசையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பந்தை வாங்கி ஓடிப்போய், எகிறிக் கூடையில் ஒரு லே-அப் போட்டுக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

அப்புறம் மாலே, மஸ்கட், கடைசியில் ராய்ப்பூர். சென்னை ராயபுரத்தில் ஒரு ஹார்பர் கிரேன் ஆபரேட்டருக்கு மகளாகப் பிறந்தவளுக்கு இந்த வேலை நிறைய ஊர்களைக் காட்டியது. ஆனால் எந்த ஊரில் காலை பிராக்டிஸுக்குப் போனாலும், ராயபுரத்து மீன் வாடை இல்லாத அந்தக் காற்று எனக்கு ஒட்டவே இல்லை. லீவில் வரும்போதெல்லாம் சென்னையில் வேலை கேட்டு அலைந்தேன். "போஸ்ட் இல்லம்மா, வந்தா சொல்றோம்" என்றார்கள். வரவே இல்லை.

2. சென்னை ஃபைனல்

ஒரு வருஷம் ராய்ப்பூர் பெண்களை அழைத்துக்கொண்டு சென்னைக்கே ஆட வந்தேன். ஃபைனலில் எதிரே, ராயபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருவொற்றியூர் டீம். கேலரி முழுக்க எங்கள் ஏரியா ஜனங்கள். அவர்களுக்கு நடுவே என் அம்மா.

"இன்னா ஜெசி, கால் வலியோட வந்துகீறேன். நான் யாருக்குடி கை தட்டறது?"

"எனக்குத்தாம்மா."

"அதெப்புடி? அதுங்களும் நம்ம பொண்ணுங்கதானே!"

கடைசி நிமிடத்தில் நாங்கள் ஒரு பாயின்ட் முன்னால் இருந்தோம். பந்து அவர்கள் கையில். அவர்களுடைய கேப்டன் ரேவதி, எங்கள் பெஞ்சுக்கு எதிரிலேயே பந்தைத் தட்டியபடி தோழியிடம் கத்தினாள்:

"ஏ மாலா, அந்த நெட்டச்சி டயர்டா கீறா! லெஃப்ட்ல பூந்துடு, பாஸ் தரேன்!"

வடக்கத்தி டீமுக்கு என்ன புரியப்போகிறது என்ற தைரியம். எத்தனையோ வருஷமாக எந்தக் கோர்ட்டிலும் நான் கேட்காத பேச்சு அது. ஒரு கணம், "பூந்துடும்மா" என்று எனக்கே வாய்வரை வந்துவிட்டது.

"பாயே! பாயே!" என்று கத்தினேன். இந்தியில் இடது பக்கம் என்று அர்த்தம். அவள் நெட்டச்சி என்று சொன்ன என் சென்டர் பிளேயர் எட்டிக் கையை நீட்டிப் பாஸைத் தட்டிவிட்டாள். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. கப் எங்களுக்கு.

கை குலுக்க வந்த ரேவதியின் கண் கலங்கியிருந்தது.

"மிஸ், நீங்க ராயபுரமாமே? கேலரில கீற உங்கம்மா சொல்லிச்சு. நான் சொன்னது புரிஞ்சிச்சா?"

"ஒவ்வொரு வார்த்தையும் புரிஞ்சிது."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அழுகையோடு சிரித்தாள். "போங்க மிஸ்! எங்களுக்குச் சொல்லித் தராம அங்க போயி இன்னா பண்ணிகினு கீறீங்க?"

"வேலைம்மா" என்றேன்.

அன்று மாலையே ரயில். பெண்கள் கப்பை மடியில் வைத்துப் பாடிக்கொண்டு வந்தார்கள். நான் கதவருகே நின்றேன். திருவொற்றியூரில் ரயில் நிற்கவில்லை. பிளாட்பாரத்து முகங்கள் சரசரவென்று ஓடி மறைந்தன. சென்னை ஓரத்து மீஞ்சூரும் தாண்டிய பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

3. கேட்பவர்களுக்கு

இன்னும் ராய்ப்பூரில்தான் இருக்கிறேன். வெளியூர் வேலைக்குப் போகலாமா என்று இளம் கோச்சுகள் போனில் கேட்பார்கள். போங்கள் என்பேன். எந்த டீம் கையில் இருக்கிறதோ, அதை ஜெயிக்க வையுங்கள். எதிரே நிற்பது சொந்த ஊராகவே இருந்தாலும். போகப்போக ஊர் ஞாபகம் குறைந்துவிடுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். குறையாது. அதையும் கூட்டிக்கொண்டுதான் பிராக்டிஸுக்குப் போகவேண்டும்.